ஏசி கேஸ் வருடா வருடம் தீர்ந்துபோகுமா?

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. நான்கு வருடமான 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, உள்ளே ஆர்32 என்னும் குளிரூட்டும் கேஸ். பங்குனி பிறந்தால் குளிர்ச்சி குறைகிறது, மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறார், அடுத்த பங்குனியில் மறுபடியும் அதே. மூன்றாவது தடவை வந்தவர் "காயில் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். காயில் என்பது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள். ஏசி கேஸ் வருடா வருடம் தீர்வது வழக்கம்தானா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் வேறொரு கேள்விதான் இருக்கிறது: இதுவரை கொடுத்த பணம் வீணா, இனிமேல் காயிலுக்குக் கொடுக்கப்போவதும் வீணாகுமா? குழந்தை தூங்கும் அறை, கசிந்தால் ஆபத்தா என்று கடைசி வரியில் கேட்டதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேஸ் தீராது. இதில் சந்தேகமே வேண்டாம். வண்டியில் பெட்ரோல் எரிவதுபோல ஏசியில் எதுவும் எரிவதில்லை. கம்ப்ரசர், வெளிக் காயில், மெல்லிய குழாய், உள்காயில், தடித்த குழாய், மீண்டும் கம்ப்ரசர் என்று மூடிய வட்டத்துக்குள் அதே கேஸ் திரவமாகவும் ஆவியாகவும் மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜ் 15 வருடம் ஓடியும் பெரும்பாலும் யாரும் கேஸ் போடுவதில்லை. காரணம், அதில் எல்லா இணைப்பும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்தவை. ஸ்பிளிட் ஏசியை வீட்டில் வந்துதான் கோர்க்கிறார்கள். உள்யூனிட்டில் இரண்டு, வெளியூனிட்டில் இரண்டு என நான்கு நட்டு இணைப்புகள். அதற்கு மேல் கேஸை அடைத்துத் திறக்கும் சர்வீஸ் வால்வுகள், கேஸ் ஏற்றுவதற்கென்று நடுவில் ஊசிபோன்ற பின் வைத்த பின் வால்வு. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது மாட்டிய நாளிலேயே குறைவாக இருந்திருக்கிறது. மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப நடப்பதால் உங்களுடையது ஓட்டைதான். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றியது அந்தந்தக் கோடையை ஓட்ட உதவியது, அவ்வளவே.

ஏற்றியபின் எத்தனை நாள் தாங்குகிறது என்பதே நல்ல துப்பு. 1.5 டன் ஆர்32 ஏசியில் மொத்தமே சுமார் 700 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் கேஸ் இருக்கும். சரியான எண் வெளியூனிட்டில் ஒட்டியுள்ள பெயர்ப் பலகையில் கிராமில் அச்சாகியிருக்கும். ஒன்பது மாதத்தில் 200 கிராம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு முக்கால் கிராம்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய கசிவு, ஐந்து நிமிடம் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் சிக்காது. "பார்த்தேன் சார், லீக் எதுவும் இல்ல" என்று வந்தவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த முறையில் அது தெரியாது. மாறாக, ஏற்றிய மூன்றே நாளில் போயிருந்தால் நட்டு இணைப்போ, உடைந்த குழாயோதான், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். இன்வெர்ட்டர் ஏசியில் இன்னொரு சிக்கல்: கேஸ் குறையக் குறைய கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். முதலில் மின் கட்டணம்தான் ஏறும். அறை குளிரவில்லை என்று நீங்கள் கவனிக்கும்போது கசிவு தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும்.

ஆனாலும் இந்த வருடம் உண்மையிலேயே கேஸ்தான் குறைந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேலூரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது, மொட்டை மாடித் தளத்தின் சூட்டில் நிற்கும் வெளியூனிட் அதைவிடச் சூடான காற்றை இழுக்கிறது. பின்பக்கத் தகடுகளில் புழுதி அடைந்திருந்தாலும், உள்யூனிட் ஃபில்டர் அடைத்திருந்தாலும் குளிர்ச்சி இதேபோலத்தான் குறையும். ஃபில்டரைக் கழுவி, வெளியூனிட் தகடுகளைச் சாதாரணத் தண்ணீரால் அடித்து, ஏசியை 18 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் ஓட விடுங்கள். உள்யூனிட் இழுக்கும் காற்றுக்கும் கீழே வீசும் காற்றுக்கும் இடையே 10 முதல் 14 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸில் பெரிய குறை இருக்க வாய்ப்பில்லை. 5, 6 டிகிரிதான் என்றால் சந்தேகப்படலாம். பனி பிடிக்கும் இடமும் பேசும். வெளியூனிட்டில் மெல்லிய குழாயின் நட்டிலும், உள்காயிலின் ஒரு ஓரத்திலும் மட்டும் பனி கட்டி, மீதிப் பகுதி வறண்டிருந்தால் கேஸ் குறைவு. காயில் முழுக்கவும் தடித்த குழாயிலும் பனி மூடினால் பெரும்பாலும் காற்றோட்டம்தான் தடைபட்டிருக்கிறது. அதற்குக் கேஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

மெக்கானிக் காட்டும் கேஜை, அதாவது பிரஷர் அளக்கும் மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றமும் குழப்பமும் அதிகம் நடப்பது இங்கேதான். ஏசியை நிறுத்திவைத்து அளக்கும் பிரஷர், உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்லாது. உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும் வரை அந்த எண் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது: 35 டிகிரியில் ஆர்32 என்றால் சுமார் 300 பி.எஸ்.ஐ. (பிரஷரின் அலகு), பழைய ஆர்22 என்றால் சுமார் 180. 900 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் கேஜ் அதையேதான் காட்டும். ஓடும்போது காட்டும் எண்ணோ, இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகத்தோடு ஏறி இறங்கும். ஆர்32 ஏசி முழு வேகத்தில் ஓடினால் உறிஞ்சும் பக்கம் (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் தடித்த குழாய்) 110 முதல் 140 பி.எஸ்.ஐ. வரை பார்க்கலாம். அறை குளிர்ந்து வேகம் குறைந்த நேரத்தில் பார்த்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. ஆர்22 காலத்தில் "60, 65-ல நிறுத்து" என்று கற்றுக்கொண்ட பழக்கத்தை இன்வெர்ட்டரில் செய்தால் கூடவோ குறையவோதான் போகும். இன்வெர்ட்டருக்கு நம்பகமான வழி, தராசில் வைத்து எடை போட்டு ஏற்றுவதே.

கசியும் இடங்களில் அதிகம் மாட்டுவது ஃபிளேர் நட்டு. செம்புக் குழாயின் வாயைப் புனல்போல விரித்து, பித்தளை நட்டால் இறுக்குகிறார்கள். கேஸை நிறுத்துவது அந்தப் புனல் முகமும் எதிர்முகமும் உரசும் வளையம்தான், மரையில் எதுவும் நிற்பதில்லை. அதனால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருப்பதைப் பார்த்தால் வேலை தெரியாதவர் கைபட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். குழாயை அறுத்தபின் உள்விளிம்புப் பிசிறை எடுக்காமல் விரிப்பது, வீடு மாறும்போது பழைய ஃபிளேரையே மறுபடி பூட்டுவது, பலம் கொண்ட மட்டும் முறுக்கிப் புனலைப் பிளப்பது, இவைதான் வழக்கமான தவறுகள். கால் இஞ்ச் நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 49 முதல் 61 என்று முறுக்கும் விசைக்கு அளவு இருக்கிறது, அதை அளந்து இறுக்க டார்க் ஸ்பானரும் இருக்கிறது. இறுக்கும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்றால் எதிர்ப்பக்கத்தைப் பிடிக்காவிட்டால் குழாய் முறுகும். இன்னொன்று, பின் வால்வின் மேல்மூடி. கேஸ் ஏற்றிவிட்டு மூடியைக் கையால் லேசாகத் திருகி விடுவார்கள், சில சமயம் தொலைத்தே விடுவார்கள். உள்ளே இருக்கும் பின்னின் ரப்பர் கொஞ்சம் தேய்ந்தாலும் அந்த மூடிதான் கடைசிக் காவல். பின் மாற்றுவது சின்ன வேலை. காயில் மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். இந்த இணைப்புகளில் கசிவு இருந்தால் அங்கே எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும், ஏனென்றால் கம்ப்ரசர் எண்ணெயும் கேஸோடு சுற்றுகிறது. இதை நீங்களே டார்ச் அடித்துப் பார்க்கலாம். வெளியூனிட்டுக்குள் இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் இடம், குழாய் தகரத்தைத் தொடும் இடம் ஆகியவையும் அதிர்விலேயே தேய்ந்து ஓட்டையாகும்.

இனி காயில். ஒன்பது மாதம் தாங்கும் மெல்லிய கசிவு, இணைப்புகளில் எண்ணெய்க் கறை இல்லை என்றால், உள்காயில் மேல் சந்தேகம் போவது நியாயம்தான். உங்கள் மெக்கானிக் சரியாகவே சொல்லியிருக்கலாம். செம்புக் குழாய்ச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத எறும்புப் புற்றுபோலக் கிளை கிளையாக அரிப்பு ஓடி ஊசித்துளைகள் விழும். அதற்கு வேண்டியவை நான்கு: செம்பு, காற்றிலுள்ள ஆக்ஸிஜன், ஈரம், ஃபார்மிக் அல்லது அசிட்டிக் அமிலத்தின் ஆவி. உள்காயில் எப்போதும் வியர்த்துக்கொண்டே இருப்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை. அமில ஆவி புதுப் பிளைவுட், வார்னிஷ், பசை, வினிகர் போன்ற வீட்டுப் பொருள்களிலிருந்தே வரும். நம் பக்கத்தில் கூடுதலாகத் தோல் தொழில் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் பதனிடும் ஆலைகளில் ஃபார்மிக் அமிலம் அன்றாடம் புழங்கும் பொருள். கழிவிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது செம்பைக் கறுப்பாக்கித் தின்னும். ஆலைக்கும் கிடங்குக்கும் ஒட்டிய வீடுகளில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சத்துவாச்சாரியில் உங்கள் காயில் கெட்டதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. காயிலைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அதைவிட அருகிலேயே ஒரு காரணம் இருக்கலாம், தயவுசெய்து இன்றே பாருங்கள். ஏசியிலிருந்து தண்ணீர் வடியும் பைப் எங்கே போய் முடிகிறது? பல வீடுகளில் அதைப் பார்வைக்குத் தெரியாமல் பாத்ரூம் கழிவுக் குழாயிலோ, சாக்கடைக் குழாயிலோ நேராகச் சொருகிவிடுகிறார்கள். தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்கும் வளைவு இல்லாவிட்டால், உள்யூனிட்டின் ஃபேன் அந்தக் குழாய் வழியாகவே சாக்கடை வாயுவைக் காயில் மேல் இழுக்கும். ஏசி போட்டதும் லேசாக நாற்றம் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதுக் காயில் மாட்டினாலும் இதைச் சரிசெய்யாவிட்டால் அதுவும் அரிக்கும். பைப்பைத் திறந்த வெளியில் விடுங்கள். காயிலை பாத்ரூம் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கொண்டு கழுவ யாரையும் விடாதீர்கள். "ப்ளூ ஃபின், கோல்டு ஃபின் காயில் அரிக்காது" என்று கடையில் சொல்வதும் பாதி உண்மைதான். அந்தப் பூச்சு அலுமினியத் தகட்டின் மேல் இருக்கிறது. துளை விழுவது செம்புக் குழாயில்.

சந்தேகத்தை நிரூபிக்க ஒரு வழிதான் நம்பகமானது: கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் அடித்துப் பார்ப்பது. உள்யூனிட்டின் குழாய்களைக் கழற்றி, காயிலின் ஒரு வாயை அடைத்து, இன்னொன்றில் ரெகுலேட்டர் வழியாக உலர் நைட்ரஜனை 400 பி.எஸ்.ஐ. அளவுக்கு, பெயர்ப் பலகை சொல்லும் உச்ச அளவைத் தாண்டாமல் ஏற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ஏற்றிய காயிலைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தால் ஊசித்துளையிலிருந்துகூட முத்து முத்தாகக் குமிழி வரும். பொறுமையாகப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். குழாய்களையும் வெளியூனிட்டையும் தனித்தனியாக அடைத்து ஓர் இரவு கேஜோடு விடலாம். காலையில் எண் குறைந்திருந்தால் உடனே பதறாதீர்கள். நைட்ரஜன் பிரஷர் சூட்டோடு ஏறி இறங்கும். மாலை 40 டிகிரியில் 400 என்று விட்டது, விடியற்காலை 30 டிகிரியில் கசிவே இல்லாமல் சுமார் 387 காட்டும். அதைவிடத் தெளிவாகக் கீழே, 360 போலக் காட்டினால் கசிவு. எலெக்ட்ரானிக் டிடெக்டரும் உதவும், ஆனால் ஆர்32-ஐ உணரும் வகையாக இருக்க வேண்டும். ஆர்22 காலத்து ஹாலைடு டார்ச், சுடர் காட்டிக் குளோரினைத் தேடுவது. ஆர்32-ல் குளோரின் இல்லை, தவிர அது தீப்பற்றக்கூடிய கேஸ், அதன் பக்கத்தில் சுடர் காட்டவே கூடாது. கேஸை வெளியூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டும் பம்ப் டவுன், உங்களுடையதுபோன்ற மெல்லிய கசிவில் செய்வதுண்டு. குழாய் உடைந்து காற்று உள்ளே போகும் நிலையில் செய்தால் கம்ப்ரசர் வெடிக்கக்கூடும்.

துளை நட்டு இணைப்பில் என்றால் ஃபிளேரை வெட்டிப் புதிதாக விரித்தால் போதும். காயிலின் வளைவுப் பற்றவைப்பில் ஒரே இடம் என்றால் பிரேசிங் (உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது) செய்யலாம். செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் உள்ளே செம்பு ஆக்சைடின் கறுப்புச் செதில் உதிர்ந்து, கேஸின் பிரஷரைக் குறைக்கும் கேபிலரியையோ எக்ஸ்பான்ஷன் வால்வையோ அடைக்கும். தகடுகளுக்கு நடுவே ஊசித்துளை என்றால் ஒட்டவைக்கச் சம்மதிக்காதீர்கள். ஒரு துளை தெரிகிறது என்றால் பாதி வழி அரித்த இன்னும் பல அருகிலேயே காத்திருக்கின்றன. அங்கே காயில் மாற்றுவதுதான் சரி. உள்ளே ஊற்றும் லீக் சீலர் மருந்தும் வேண்டாம். ஈரம் பட்டு இறுகி வால்வை அடைக்கும், கம்ப்ரசரையும் கெடுக்கும்.

எதை மாற்றினாலும் அடுத்த இரண்டு வேலைகளை நின்று பாருங்கள். ஒன்று வேக்கம், அதாவது பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. கேஸையே கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளும் குறுக்கு வழி கூடாது. ஆர்32 ஏசியின் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் வகை, உள்ளே தங்கிய ஈரம் பிற்பாடு அமிலமாகிக் கம்ப்ரசர் சுருளைத் தின்னும். பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். வேக்கத்தை அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே இறங்க வேண்டும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தும் 1000-க்குள் நின்றால் நல்லது. சிறிது ஏறி நின்றுவிட்டால் ஈரம் மிச்சம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் இன்னும் கசிவு. சாதாரண கேஜின் முள் கடைசிக் கோட்டுக்குப் போவது இதற்குச் சாட்சி ஆகாது. இரண்டாவது தராசு. பெயர்ப் பலகையில் 850 கிராம் என்றால் 850. குழாய் நிறுவனம் சொன்ன நீளத்தைத் தாண்டியிருந்தால் கையேட்டில் சொன்ன கணக்குப்படி மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூட்ட வேண்டும். சிலிண்டரில் ஆர்32 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "டாப்-அப் போட்டாலே கெட்டுவிடும்" என்று சிலர் பயமுறுத்துவது ஆர்32-க்குப் பொருந்தாது, அது ஒரே பொருளாலான கேஸ், கலவை மாறாது. டாப்-அப்பில் குறை வேறு: உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் ஏற்றுவதால் மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. வெளியேறும் கேஸும் சும்மா போவதில்லை. ஆர்32 கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். 200 கிராம் கசிந்தால் 135 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

குழந்தையைப் பற்றிய கேள்வி. ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆனால் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 300 கிராம் சேர்ந்தால்தான் பற்றும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறை ஏறக்குறைய 28 கன மீட்டர். உங்கள் ஏசியில் உள்ள 800, 900 கிராமும் ஒரே நேரத்தில் கொட்டி அறை முழுக்கப் பரவினால்கூட அந்த அளவில் பத்தில் ஒரு பங்குதான் வரும். நாளுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான கசிவு தூங்கும் குழந்தையைப் பாதிக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆர்32-க்கு ஏறக்குறைய மணமே கிடையாது, ஆகவே அறையில் நாற்றம் வந்தால் அது சாக்கடை, பூஞ்சை அல்லது கருகும் வயர். கருகல் வாடை என்றால் உடனே மெயினை அணையுங்கள். ஆபத்து உண்மையில் வேலை நடக்கும் நேரத்தில்தான். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசியும் இடத்தருகே அடர்த்தியாக நிற்கும். அப்போது கதவு, சன்னல் திறந்திருக்க வேண்டும், விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது, குழந்தை வேறு அறையில் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில் ஆர்290 ஏசி இருந்தால் கவனம், அது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். அதைப் பழகாத கைகளில் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். முதலில் வாரன்டி அட்டையை எடுங்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் அதில் காயில் சேராது. சில நிறுவனங்கள் காயிலுக்குத் தனியாக ஐந்து வருடம் தருகின்றன. நான்கு வருடம்தான் ஆகிறது என்பதால் உங்களுக்கு அது இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். கேஸ் அதில் அடக்கமா என்றும் பாருங்கள். வாரன்டி இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியலாம், பில்கள் கையில் இருக்கட்டும். வாரன்டி இல்லையென்றால், காயில், கேஸ், கூலி மூன்றும் சேர்ந்து அதே அளவுப் புது ஏசி விலையில் பாதிக்குள் அடங்கினால் மாற்றுங்கள். நான்கு வருடக் கம்ப்ரசருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பாதியைத் தாண்டினால், அல்லது கேஸ் குறைவோடு நீண்ட நாள் ஓடிக் கம்ப்ரசரில் சத்தமும் சூடும் கூடியிருந்தால், புதிதுக்குப் போவதே மேல், ஏனென்றால் திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரசர் மோட்டாரைக் குளிர்விக்கிறது, அது குறைந்தபடி ஓடிய மாதங்களின் தேய்மானத்தைப் புதுக் காயில் சரிசெய்யாது. எப்படியானாலும், நைட்ரஜனில் குமிழி வரும் இடத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டாமல் காயிலுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மாற்றிய பிறகு ஏற்றிய எடையையும் தேதியையும் வெளியூனிட்டின் உள்மூடியில் அழியாத பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.